பாவேயன் தீவு மானைக் காக்க மக்களிடம் பேசுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தோனேசியாவின் ஜாவாக் கடலில், சுரபாயா நகருக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாவேயன் என்ற சிறிய தீவு இருக்கிறது. உலகில் வேறு எந்தக் காட்டிலும் காண முடியாத ஒரு மான் இனம் அத்தீவின் மலைக்காடுகளில் வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக அருகிய இனம் என்று குறிக்கப்பட்டுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில் இடம்பெற்றிருப்பதால் அதன் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உண்டு. இந்த மானுக்காக விழிப்புணர்வுப் பணி செய்ய விரும்பும் தன்னார்வலர், ஆசிரியர், மாணவர், ஒளிப்படக் கலைஞர் ஆகியோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விழிப்புணர்வு என்றதும் இயன்றவரை அதிகம் பேரிடம் செய்தியைச் சேர்ப்பதே வேலை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். தீவு மானின் நிலை அப்படிப்பட்டதல்ல. கண்ணி வைப்பவர், வேட்டைநாய் வைத்திருப்பவர், காப்பகத்து மரத்தை வெட்டுபவர், காட்டோரத்தில் பயிர் செய்பவர் என்று மானின் வாழ்வையும் சாவையும் நேரடியாகத் தீர்மானிப்பவர்கள் சிலரே. அவர்களுடைய அன்றாடப் பழக்கங்களில் நான்கைந்து மாறினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் அவர்களை நோக்கியே செல்கின்றன.

முதற்படி: மானைச் சரியாக அறிந்துகொள்ளுதல்

சுவரொட்டிகளில் அதிகம் நேரும் பிழை தவறான படத்தைப் போடுவது. பாவேயன் மானும் நம் புள்ளிமானும் உறவினங்கள். ஆக்சிஸ் என்ற பேரினத்திலேயே இரண்டையும் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அதனாலோ என்னவோ, படம் தேடுகிறவர்கள் உடலெங்கும் வெண்புள்ளி நிறைந்த ஒரு மானை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். வளர்ந்த பாவேயன் மானுக்குப் புள்ளிகள் இல்லை. ஒரே சீரான பழுப்பு நிறம், தோளில் முக்கால் மீட்டரைத் தாண்டாத உயரம், முன்பக்கத்தைவிடச் சற்றே தூக்கலான பின்பக்கம், ஆண்மானுக்கு மட்டும் மும்முனைக் கொம்பு ஆகியவையே அதன் அடையாளம். புதருக்குள் தலையைத் தாழ்த்திக்கொண்டு நுழைந்து ஓடும் இயல்பில் அது பன்றிமானுக்கு நெருங்கியது. அந்நாட்டு மக்கள் ரூசா என்று பொதுவாகச் சொல்லும் சொல், ஜாவாவின் பெரிய மானையும் குறிக்கும் என்பதால் அந்தப் படமும் அடிக்கடி நுழைந்துவிடுகிறது. தன் வயலில் மானைப் பார்த்திருக்கும் ஒரு விவசாயி, தவறான படம் போட்ட சுவரொட்டியைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது.

அதன் வாழ்க்கை முறையும் தெரிந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் இரவில் நடமாடும். ஆபத்தை உணர்ந்தால் நாய் குரைப்பதைப் போல ஒலி எழுப்பும். பிணைமான் ஏறத்தாழ ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். இந்த ஒற்றைக் குட்டிக் கணக்கு நம் பணியின் கால அளவையே தீர்மானிக்கிறது என்பதைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

எண்ணிக்கையைச் சொல்வதில் நிதானம் தேவை. 2014-இல் தானியங்கிக் கேமராக்களை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு, 227 முதல் 416 மான்கள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. இதைச் சொல்லும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள். "முந்நூறு மான்களே மிச்சம்" என்று சுருக்கினால் கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அடுத்த ஆய்வு 380 என்று சொன்னால், மான் பெருகிவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர்களுக்கு உங்களிடம் பதில் இருக்காது. எண்ணிக்கை வேகமாகச் சரிகிறது என்றும் இந்த ஒரு மதிப்பீட்டை வைத்துச் சொல்ல முடியாது. காட்டில் வாழும் மொத்த இனமும் ஒரே தீவில், ஒரே காப்பகத்தைச் சுற்றி இருப்பதால், ஒரு கொள்ளைநோயோ ஒரு பெருந்தீயோ போதும் என்பதே உண்மையான ஆபத்து. அதை மிகைப்படுத்தாமல் சொன்னாலே கேட்பவருக்கு உறைக்கும்.

இரண்டாம் படி: ஒவ்வோர் ஆபத்தையும் ஓர் ஆளோடும் செயலோடும் பொருத்துதல்

இருபதாம் நூற்றாண்டில் தீவின் இயற்கைக் காடு தேக்குத் தோட்டமாக மாற்றப்பட்டதால், பழங்காடு செங்குத்தான சரிவுகளிலும் மலையுச்சிகளிலும் மட்டுமே எஞ்சியது. 1977-இலிருந்து வேட்டைத் தடை நடைமுறைக்கு வந்தது. 1979-இல் இயற்கைக் காப்பகமும் வனவிலங்குச் சரணாலயமுமாகச் சேர்த்து 4,500 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு பாதுகாக்கப்பட்டது. இன்றைய முதன்மையான தொல்லைகளாக மேற்சொன்ன ஆய்வு எடுத்துக்காட்டியவை சட்டவிரோத மரவெட்டும், நாய்களோடு வரும் வேட்டைக்காரர்களும்.

"வாழிடம் அழிகிறது", "வேட்டை நடக்கிறது" என்ற தொடர்களோடு நின்றுவிட்டால் யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாது. ஒரு தாளை எடுத்து, ஒவ்வோர் ஆபத்துக்கும் எதிரே அதைச் செய்பவர் யார், எந்த மாதத்தில் செய்கிறார், எதற்காகச் செய்கிறார், அதை விட்டால் அவருக்கு என்ன இழப்பு என்று எழுதுங்கள். பன்றியைப் பிடிக்க வயலோரத்தில் வைக்கும் சுருக்குக் கண்ணிக்குப் பன்றியின் கால் எது, மானின் கால் எது என்று தெரியாது. அதை வைத்தவருக்கோ மானைக் கொல்லும் எண்ணமே இல்லை. பன்றி வேட்டைக்கு அழைத்துச் சென்ற நாய், வழியில் எழும் மானைத் துரத்தாமல் விடாது. மரம் வெட்டுபவரின் கணக்கு இவர்களுடையதிலிருந்து முற்றிலும் வேறு. இந்த மூவருக்கும் ஒரே சுவரொட்டியை நீட்டுவது வீண்வேலை.

மூன்றாம் படி: பேசும் முன் கேட்டல்

காப்பகத்தை நிர்வகிப்பது கிழக்கு ஜாவாவின் இயற்கைவளப் பாதுகாப்பு அலுவலகம். காப்பகத்துக்குள் ஆய்வுக்கோ படப்பிடிப்புக்கோ செல்ல சிமாக்சி என்ற நுழைவு அனுமதி வேண்டும். அதை வாங்காமல் போனால் சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, சட்டத்தை மதிக்கச் சொல்ல வந்தவரே அதை மீறினார் என்ற பேச்சு ஒரே நாளில் தீவெங்கும் பரவிவிடும்.

தீவில் சங்கபுரா, தம்பாக் என்று இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. ஊர்த் தலைவர்களையும், கியாய் என்று அழைக்கப்படும் மார்க்க அறிஞர்களையும் முதலில் சந்திப்பது வழக்கத்துக்கு மட்டுமல்லாமல் பணிக்கும் நல்லது. அதோடு நின்றுவிடாதீர்கள். பாவேயன் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கப்பல்களுக்கும் வேலை தேடிச் செல்பவர்கள். அதனாலேயே பெண்களின் தீவு என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. வயலைப் பார்த்துக்கொள்பவர் பல வீடுகளில் பெண்ணாகவே இருப்பார். ஆண்கள் மட்டும் கூடும் கூட்டத்தில் பேசிவிட்டு ஊரிடம் பேசியதாக நினைத்துக்கொண்டால் பாதி ஊரைத் தவறவிட்டிருப்பீர்கள்.

கேள்வியை எப்படி அமைப்பது என்பதில் கவனம் வேண்டும். "நீங்கள் மான் வேட்டையாடுவதுண்டா?" என்று கேட்டால் இல்லை என்ற ஒரே பதில்தான் வரும். "சென்ற மழைக்காலத்தில் உங்கள் வயல் பக்கம் மான் வந்ததா? எந்தப் பயிரைக் கடித்தது? வேலியை எந்த இடத்தில் கடந்தது? பன்றியால் ஆன சேதம் அதிகமா, மானால் ஆனதா?" என்று கேட்டுப் பாருங்கள். வயலின் கதை வரும். அதற்குள்ளேயே கண்ணியின் கதையும் நாயின் கதையும் தானாக வந்துவிடும். குறைந்தது முதல் இரண்டு வாரமாவது எதையும் போதிக்காமல் இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது. இந்தப் படியை அவசரமாக முடித்தவர்களின் சுவரொட்டி எப்படி இருக்கும் என்பதை அதைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம்.

நான்காம் படி: ஒருவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்

"மானைக் காப்போம்" என்பது வேண்டுகோள் அல்ல. அதைக் கேட்டவர் நாளைக் காலையில் எதை வேறுவிதமாகச் செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் செய்யக்கூடிய, செய்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே செயலைச் சொல்லுங்கள்.

நாய் வைத்திருப்பவருக்கு: "இரவில் நாயைக் கட்டிவையுங்கள், பன்றி வேட்டைக்குப் போனாலும் காப்பக எல்லைக்குள் நாயை அவிழ்த்துவிடாதீர்கள்." அதற்குமேல் இவரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

கண்ணி வைப்பவருக்கான வேண்டுகோள் கொஞ்சம் சிக்கலானது. கண்ணியே கூடாது என்று சொல்லும் முன், அவருடைய பயிருக்கு என்ன மாற்று வைத்திருக்கிறோம் என்று நாம் யோசித்திருக்க வேண்டும்; அடுத்த படியில் அதற்கு வருகிறேன். உடனடியாகக் கேட்கக்கூடியது, வைத்த கண்ணியை நாள்தோறும் விடியற்காலையில் சென்று பார்க்க வேண்டும் என்பதும், மான் மாட்டியிருந்தால் அதை மறைக்காமல் காப்பக ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும்தான். மாட்டிய மானை நான்கைந்து பேர் சேர்ந்து பிடித்து இழுப்பது அதைக் காப்பாற்றுவதாகாது. மான் அளவுக்கு மீறிய அச்சத்திலும் போராட்டத்திலும் தன் தசைகளையே சிதைத்துக்கொள்ளும் விலங்கு. கண்ணியிலிருந்து நன்றாகவே விடுபட்டு ஓடிய மான் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ சாவது உண்டு. கூட்டத்தை விலக்குவது, பேச்சைக் குறைப்பது, முடிந்தால் கண்களைத் துணியால் மூடுவது, ஊழியர் வரும்வரை காத்திருப்பது ஆகிய நான்கையும் படமாக வரைந்து ஒரு சிறு அட்டையில் கொடுத்தால், அது ஆயிரம் சுவரொட்டிகளைவிடப் பயன்படும்.

புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டோரம் செல்பவர்களுக்கு மான்குட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். பிணைமான் தன் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல், ஓசையில்லாமல், யாராவது அருகில் வந்தாலும் எழாமல் கிடக்கும். தாய் நாளுக்குச் சில முறை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டு மீண்டும் விலகிப்போகும். இதை அறியாதவர்கள் தாயில்லாக் குட்டி என்று இரக்கப்பட்டுத் தூக்கிவந்துவிடுகிறார்கள். இரக்கத்தால் நேரும் இந்தக் கேட்டைத் தடுக்க அச்சுறுத்தல் எதுவும் வேண்டியதில்லை. "படுத்திருக்கும் குட்டியைத் தொடாதீர்கள், தாய் அருகில்தான் இருக்கிறாள்" என்ற ஒரு வரி போதும். மான்கள் குட்டி ஈனும் காலத்துக்குச் சற்று முன்பு, ஆண்டின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

மார்க்க வழியில் சொல்லவும் வலுவான அடிப்படை இருக்கிறது. இந்தோனேசிய உலமா மன்றம் 2014-இல் வெளியிட்ட நான்காம் எண் ஃபத்வா, அருகிவரும் விலங்குகளைப் பாதுகாப்பதைப் பற்றியது. அவற்றைச் சட்டவிரோதமாகக் கொல்வதும் வேட்டையாடுவதும் விலக்கப்பட்டவை என்று அது சொல்கிறது. ஏறக்குறைய அனைவரும் இசுலாமியராக இருக்கும் தீவில் இது வெறும் தகவலாக நின்றுவிடாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வெளியிலிருந்து வந்த தன்னார்வலர் அல்லர். அதன் முழு உரையைக் கியாய்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்; எந்த ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்), எந்தச் சொற்களில் சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

சட்டத்தைக் கடைசியில் வையுங்கள். 1990-ஆம் ஆண்டின் ஐந்தாம் எண் பாதுகாப்புச் சட்டம் இந்த மானைக் கொல்வதையும் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. 2024-இல் வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். எனினும் முதல் வரியிலேயே சிறையைப் பற்றிப் பேசினால், தற்செயலாக மான் மாட்டிக்கொண்டவர் ஊழியருக்குச் சொல்வதற்குப் பதிலாக அதைப் புதைத்துவிடுவார். தெரிவிப்பவரை எப்படி நடத்துவோம் என்பதைக் காப்பக அலுவலகத்தோடு முன்கூட்டியே பேசி, அதை ஊரில் அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது.

ஐந்தாம் படி: பயிர்ச் சேதத்தைப் பற்றி உண்மை பேசுதல்

மான் காட்டோர வயலில் இறங்கி இளம் பயிரைக் கடிக்கும். இதை மறைத்து, "மான் யாருக்கும் தீங்கு செய்யாத விலங்கு" என்று எழுதும் துண்டறிக்கைகளை நான் ஏற்பதில்லை. இழப்பை அனுபவித்தவரிடம் அவருடைய இழப்பே இல்லை என்று சொல்வது நட்பை வளர்க்காது.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. "மானை விடுங்கள், பன்றியை வேண்டுமானால் பிடியுங்கள்" என்று சொல்வது எளிது. மானுக்காகப் பேசுபவர்கள் அறியாமலே இந்தப் பக்கம் சறுக்கிவிடுகிறார்கள். முகத்தில் மருக்கள் கொண்ட பாவேயன் தீவின் மருப்பன்றியும் அத்தீவுக்கே உரியது. 2016-இல் வெளியான கேமரா ஆய்வொன்று அதன் எண்ணிக்கையை 172 முதல் 377 வரை என்று மதிப்பிட்டது. அதாவது அது மானைவிடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே எந்த விலங்கையும் எதிரியாக்காமல், வயலைக் காக்கும் வழிகளைப் பேச வேண்டும். காட்டை ஒட்டிய வயல்களுக்குத் தனித்தனியாக இல்லாமல் கூட்டாக வேலி அமைப்பது, விளைச்சல் காலத்தில் முறைவைத்து இரவுக்காவல் இருப்பது, மானும் பன்றியும் விரும்பாத பயிரைக் காட்டோர வரிசையில் நடுவது போன்றவை ஊராரே பலமுறை யோசித்தவை. நிதி திரட்டுபவர்கள் சுவரொட்டிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இந்த வேலிக்குக் கொடுத்தால், அந்த வேலியே பேசும்.

ஆறாம் படி: சொல்லும் ஊடகத்தைத் தேர்தல்

தீவு மக்கள் வீட்டில் பேசுவது மதுரா மொழியோடு நெருங்கிய பாவேயன் பேச்சு. அரசு அறிவிப்பின் இந்தோனேசிய மொழி எல்லோருக்கும் புரியும். ஆனால் அது அலுவலகக் குரல். ஊர்க்காரர் ஒருவர் தம் பேச்சில் பதிவுசெய்த ஒரு நிமிடக் குரல் செய்தி, வாட்ஸாப் குழுக்களில் வீடு வீடாகச் செல்லும். படகுத்துறையில் பயணிகள் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள் என்பதால் அங்கே ஒரு பலகை வைக்கலாம்.

பள்ளிகளில் காலடித் தடப் பாடம் ஒன்று வையுங்கள். ஈர மணல் நிரப்பிய தட்டில் மானின் குளம்பையும் பன்றியின் குளம்பையும் மரத்தில் செதுக்கி அழுத்திக் காட்டுங்கள். மானின் தடம் இரண்டு கூரிய இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல் ஒடுங்கியிருக்கும். பன்றியின் தடம் மழுங்கலாக, பின்னால் இருபுறமும் விலகி நிற்கும் சிறுவிரல்களின் இரண்டு புள்ளிகளோடு இருக்கும். இதைக் கற்ற பிள்ளை மறுநாள் வயலுக்குப் போய், சேதம் செய்தது எது என்று தன் வீட்டாருக்குச் சொல்லும்.

2018-இல் ஜகார்த்தாவிலும் பாலெம்பாங்கிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் மூன்று சின்னங்களுள் ஒன்றான அதுங், சாரோங் உடுத்திய பாவேயன் மான்தான். நாடறிந்த அந்தப் பெயரைப் பேச்சில் பயன்படுத்துங்கள்; உருவத்தை அச்சிட உரிமம் வேண்டும். ஒரு சின்னம் மானுக்குப் பெயர் வாங்கித்தரும். என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா முனைத் தீவுகளில் வாழும் கீ மானைத் தீயாலும் நாய்களாலும் விரட்டிக் கொல்வதை, டிங் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர் 1934-இல் வரைந்தார். 1939-இல் வேட்டைக்குத் தடை வந்தது. 1957-இல் தேசியப் புகலிடம் அமைந்தது. அழகான மானை வரையாமல், நடந்துகொண்டிருந்த கொடிய செயலை அவர் வரைந்தார் என்பது கவனிக்கத்தக்கது. சித்திரத்துக்கும் புகலிடத்துக்கும் நடுவே இருபத்து மூன்று ஆண்டுகள் இருந்தன என்பதும் அவ்வாறே.

மான் இருக்கும் துல்லியமான இடத்தை எங்கும் வெளியிடாதீர்கள். ஒளிப்படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிய பிறகே பகிருங்கள். இரவில் விளக்கடித்து மான் பார்க்கும் சுற்றுலாவை ஊக்குவிக்கவே வேண்டாம். கேமராவில் விழுந்த மங்கலான கருப்புவெள்ளைப் படம் போதும். மான் தன் காட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் தெரிகிறது.

ஏழாம் படி: கடல் கடந்தவர்களிடம் பேசுதல்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போயன் என்று அழைக்கப்படும் பாவேயன் வழிவந்தோர் வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் போண்டோக் என்ற பொது இல்லங்களில் கூடி வாழ்ந்த வரலாறு அவர்களுக்கு உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புபவரின் சொல்லுக்கு ஊரில் தனி மதிப்பு இருக்கும். நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் உறவினர் கேட்கும் "நம் மான் எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி, நம் துண்டறிக்கையைவிட ஆழமாகப் பதியும். அந்நாடுகளில் அண்டை வீட்டாராக வாழும் தமிழர்கள் இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கலாம். மற்றபடி தொலைவிலிருந்து உதவ விரும்புவோர், பணம் கேட்கும் அமைப்பு தீவில் யாரோடு வேலை செய்கிறது, எவ்வளவு தீவிலேயே செலவாகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

எட்டாம் படி: பலனை அளத்தல்

எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பவை நம் மகிழ்ச்சிக்கான எண்கள். பணி தொடங்கும் முன்பே காப்பக ஊழியர்களோடு உட்கார்ந்து, ஒரு ரோந்தில் சராசரியாக எத்தனை கண்ணிகள் கிடைக்கின்றன, எத்தனை முறை காட்டில் நாய்கள் தென்படுகின்றன, கேமராக்களில் நாய் எத்தனை முறை விழுந்தது, ஊரார் தாமாக எத்தனை தகவல் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து அதே பாதைகளில், அதே மாதங்களில், அதே எண்ணிக்கையிலான ரோந்துகளில் மீண்டும் எண்ணுங்கள். ரோந்துகளை அதிகமாக்கினால் கண்ணிகளும் அதிகமாகக் கிடைக்கும் என்பதால் இந்தச் சமநிலை முக்கியம். தகவல்கள் கூடினால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். முன்பு மறைக்கப்பட்டவை இப்போது வெளியே வருகின்றன என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற கணக்கில் பெருகும் விலங்கின் எண்ணிக்கை ஓராண்டுப் பணிக்குப் பதில் சொல்லாது. பணம் கொடுப்பவர்களுக்கு இதை முதல் நாளிலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். முதலாண்டின் முடிவில், மூன்றாம் படியில் நீங்கள் உட்கார்ந்து கேட்ட அதே வீடுகளுக்கு அதே கேள்விகளோடு போங்கள். சென்ற ஆண்டு கண்ணியைப் பற்றி வாய் திறக்காதவர் இந்த ஆண்டு அதை எங்கே வைத்திருந்தார், ஏன் எடுத்துவிட்டார் என்று தாமாகச் சொன்னால், அந்த வீட்டை உங்கள் குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் பக்கத்து வயலுக்காரரிடம் பேச வேண்டியவர் அவர்தான்.